விடுவிக்கும் சூரைக்கு அடையாளம் இடுவது எப்படி

அட்லாண்டிக் பெருங்கடலில் நீலத்துடுப்புச் சூரை (புளூஃபின் டூனா) மீன் எங்கெல்லாம் சென்று வருகிறது என்பதை அறிய, பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட மனமிருந்த தூண்டில்காரர்கள் பெரிதும் உதவியிருக்கிறார்கள். 1954இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் ஃபிராங்க் மேத்தர் தொடங்கிய திட்டம், மீனின் உடலில் அடையாளமாகக் குத்திவிட எண் பொறித்த பிளாஸ்டிக் இழைகளை அவர்கள் கையில் கொடுத்தது. பஹாமாஸ் பக்கத்தில் அப்படி அடையாளமிடப்பட்ட சூரை பின்னர் நார்வே கடலில் பிடிபட்டபோது, பெருங்கடலை இந்த மீன் குறுக்காகக் கடக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது. மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் கூட்டத்தையும் மத்தியதரைக் கடலில் முட்டையிடும் கூட்டத்தையும் மேற்கு 45 பாகைத் தீர்க்கரேகைக் கோட்டால் பிரித்துப் பிடிப்பளவு வகுக்கிறார்கள். மீன்களோ அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வருகின்றன. எனவே ஒவ்வொரு இழையும் பிடிப்பளவு பற்றிய முடிவுக்குச் சான்றாகிறது.

இழைகளை ஏதேனும் ஒரு திட்டத்தில் பதிவு செய்துதான் பெற வேண்டும். மீன்பிடி உரிமமும் பருவ விதிகளும் அடையாளமிடுவோருக்கும் பொருந்தும்.

கடலுக்குப் புறப்படும் முன்பே மீனின் உயிரை எண்ணித் தூண்டிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுநேரம் போராடும் சூரையின் உடல் சூடேறி, தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, விடுவித்த பிறகும் அது இறந்துபோகக்கூடும்; ஆகவே வலுவான தூண்டில்கோலும் தூண்டில் நரம்பும் கொண்டு விரைவில் படகருகே கொண்டுவருவதே முறை. முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுவதால், இரையோடு தூண்டிலிடுவோர் அதையே பயன்படுத்துவது நல்லது. செவுளிலிருந்து இரத்தம் கசியும் மீனுக்கு அடையாளமிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிழைக்க வாய்ப்பில்லாத மீன்மேல் இழை குத்துவதால் ஆய்வுக்கு எந்தப் பயனும் இல்லை.

மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம். சூரை நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுள்களில் நீர் பாய்ந்து மூச்சு நடக்கும். அதனால் படகை மெல்ல முன்னோக்கிச் செலுத்தி, மீனின் தலையும் அதே திசையில் இருக்குமாறு பிடித்திருக்க வேண்டும். அது துள்ளும்போது அவசரப்பட்டுக் குத்தாமல், அமைதியடையும் வரை காத்திருந்து, அடையாளமிடும் கோலின் நுனியில் பொருத்திய இழையின் கூர்முனையை முதுகுத் துடுப்பின் அடிப்பகுதியை ஒட்டிய தடித்த தசையில் செலுத்துங்கள். அந்தக் கூர்முனை தலைப்பக்கம் சாய்வாக இறங்கினால் இழை வால்பக்கமாகப் படிந்து கிடக்கும். கூர்முனையில் உள்ள கொக்கியும் துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதால் எளிதில் கழன்றுவிடாது. தலை, செவுள், வயிறு ஆகிய இடங்களுக்கு அருகே முனை போகவே கூடாது. தூண்டில் முள்ளைக் கழற்றிய பின், மீன் தானாக வாலடித்து விலகும் வரை படகோடு நீரில் இழுத்துச் செல்லுங்கள்.

இதன் பின் செய்ய வேண்டிய எழுத்து வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். இழையின் எண், மீனின் இனம், நாள், அட்சரேகை, தீர்க்கரேகை, மூக்கு முனையிலிருந்து வாலின் பிளவு வரையுள்ள நீளம், விடும்போது மீன் இருந்த நிலை ஆகியவற்றைப் படகிலேயே பதிவு அட்டையில் எழுதி, பின்பு அதைத் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். நீளத்தை அளந்தீர்களா, மதிப்பிட்டீர்களா என்பதையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். மதிப்பீட்டை அளவு என்று எழுதினால் வளர்ச்சிக் கணக்கே பிழையாகிவிடும். அட்டை போய்ச் சேராத மீன் பின்னொரு நாள் எங்கோ பிடிபட்டாலும், அது எங்கிருந்து புறப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே இழையுள்ள மீன் உங்களிடம் சிக்கினால், எண்ணையும் இடத்தையும் நாளையும் நீளத்தையும் குறித்து, இழையில் உள்ள முகவரிக்குத் தெரிவியுங்கள். சில சூரைகளின் வயிற்றுக்குள் ஆய்வாளர்கள் மின்னணுப் பதிவுக் கருவியை வைத்துத் தைத்திருப்பார்கள். அதன் மெல்லிய தண்டு மட்டும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆழத்தையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பதிந்து வைக்கும் அந்தக் கருவியின் பதிவுகளிலிருந்து, பகலின் நீளத்தைக் கொண்டு அட்சரேகையையும் நண்பகல் நேரத்தைக் கொண்டு தீர்க்கரேகையையும் கணிக்கிறார்கள். செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் வகை அல்ல அது. கருவி கைக்குக் கிடைத்தால்தான் அதிலுள்ள பதிவுகளைப் படிக்க முடியும் என்பதால், அத்தகைய மீனை அறுப்பவர் குடலோடு சேர்த்து அதை எறிந்துவிடாமல் எடுத்து அனுப்ப வேண்டும்.