எக்கோ குமிழி ஊசி: நாம் விடக்கூடாத தவறுகள்

மட்டக்களப்பில் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்க வரும் பலருக்கு ஊசி என்றதும் ஒரே பயம்தான். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு உம்மா கையை இழுத்துக்கொண்டே கேட்டார்: "டை ஏத்தினா கிட்னி பழுதாகிருமாம் எண்டு சொல்றாங்களே டொக்டர்?"

அவர் பயந்தது சி.டி. ஸ்கேனுக்கும் அஞ்சியோகிராமுக்கும் ஏற்றும் அயடின் மருந்துக்கு. எக்கோ படம் தெளிவாகத் தெரிய ஏற்றுவது வேறு: செங்குருதிக் கலத்தை விடச் சிறிய வாயுக் குமிழிகள். வாயு சில நிமிடங்களில் மூச்சோடு போய்விடும். சிறுநீரகத்துக்கு அதில் வேலையில்லை. இதைச் சொல்லாமல் ஊசியைத் தூக்குவதுதான் முதல் தவறு. இறால் ஒத்துக்கொள்ளுமா என்று விசாரிப்பதிலும் பயனில்லை. முன்பு இதே மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா, சில குமிழி மருந்துகளில் சேரும் பொலிஎதிலீன் கிளைக்கோலுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். கடும் ஒவ்வாமை ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனாலும் அவசர மருந்துத் தட்டு பக்கத்தில் இருக்கவேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது, தேவைப்படும் இடத்தில் இதைப் போடாமல் விடுவது. இதயத்தின் இடது கீழறைச் சுவரில் அடுத்தடுத்த இரண்டு பகுதிகள் தெரியாவிட்டால் ஊசி போடலாம் என்பது வழிகாட்டி. மங்கலான படத்தைப் பார்த்து இதயம் இத்தனை வீதம் சுருங்குகிறது என்று ஊகித்து எழுதிவிடுகிறோம். மாரடைப்புக்குப் பிறகு இதய நுனியில் ஒட்டியிருக்கும் இரத்தக் கட்டி அப்படித்தான் தப்பிவிடும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம்.

சரி, ஊசி போட்டாயிற்று. மெஷினின் மெக்கானிக்கல் இன்டெக்ஸை (ஒலி அலையின் பலத்தைக் காட்டும் அளவு) குறைக்க மறந்தால் ஒலியே குமிழியை உடைத்துவிடும்; 0.2க்குக் கீழே வையுங்கள். இதய நுனியில் மருந்து சுழன்று அரைகுறையாகத் தெரிந்தால் இன்டெக்ஸ் கூடியிருக்கலாம், அல்லது மருந்து போதாமல் இருக்கலாம். படத்தின் முன்பக்கம் வெள்ளையாக நிறைந்து அடியில் இருட்டாக விழுந்தால் மருந்து கூடிவிட்டது. அப்போது இன்னும் ஏற்றாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். மெல்லிய கனூலாவுக்குள் (நரம்பில் ஏற்றும் குழாய்) அழுத்தித் தள்ளினாலும் குமிழி உடையும். நின்ற மருந்தில் குமிழிகள் மேலே மிதக்கும். எடுக்குமுன் குப்பியை மெதுவாகப் புரட்டுங்கள்.

சேலைனை (உப்புநீர்) காற்றோடு கலக்கி ஏற்றும் பரிசோதனை வேறு. அந்தக் குமிழிகள் பெரியவை, நுரையீரலைத் தாண்டாது. அதனால்தான் இளவயதில் பக்கவாதம் வந்தவருக்கு இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துவாரம் இருக்கிறதா என்று பார்க்க உதவுகிறது. மூச்சை அடக்கி முக்கி, சொன்னதும் விடுவதை ஊசிக்கு முன்பே பழக்குங்கள். ஊசி ஏறும்போது "அம்மா, முக்குங்க" என்றால் பதறிப்போவார்.

இதயத்தின் வலது பக்கம் குமிழியால் நிறைந்த பின் முதல் மூன்று துடிப்புக்குள் இடது பக்கம் குமிழி வந்தால் பெரும்பாலும் துவாரம். பிந்தி வந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் குறுக்குவழி இருக்கலாம். நாலு துடிப்போடு பதிவை நிறுத்தினால் அது தெரியாமலே போகும். 10 துடிப்புக்கு மேல் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பொத்துவிலில் இருந்து பஸ் ஏறி வந்தவரை மறுபடியும் வரச்சொல்ல வேண்டியிருக்கும்.