பாட்டை ஏற்றும் முன் ஒரு தாள்

பாட்டு முடிந்த அன்றைக்கே, யாரும் எழுந்து போகும் முன், வருமானப் பங்கை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுச் செலவு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம். நண்பர்கள்தானே என்று விட்டால் நட்புதான் முதலில் போகும்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. பதிவான ஒலி ஒன்று. வரியும் மெட்டும் இன்னொன்று. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் அங்கிருந்து வாங்கித் தருவது ஒலிக்கான பணம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி என்ற உரிமைத்தொகை வர, அதை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் சேர்ந்து பாட்டையும் பதிய வேண்டும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி அந்த ராயல்டி உரிமையை எந்த லேபிளும் (இசை வெளியீட்டு நிறுவனமும்) உங்களிடம் எழுதி வாங்க முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்!

அப்புறம் ஐஎஸ்ஆர்சி, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரும் அடையாளக் குறியீடு. 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்தக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். விநியோக நிறுவனத்தை மாற்றினாலும் அதையே கொடுங்கள்.

லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் சின்ன ஒலித்துண்டு, விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய தவில் லூப் ஒன்றை என் பாட்டின் தொடக்கத்தில் எட்டு நொடி வைத்தேன். அதே லூப்பை வைத்த வேறொருவர் தன் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒத்த ஒலியைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பில்) பதிந்திருந்தார். என் வீடியோமீது உரிமைக் கோரிக்கை விழுந்தது. லூப் வாங்கிய ரசீதைக் காட்டி மறுப்பு அனுப்பினேன். பதில் சொல்ல, கோரிக்கை வைத்தவருக்கு 30 நாள் அவகாசம். ரசீது மின்னஞ்சலில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன். லூப் வாங்கினால் ரசீதையும் உரிமத்தையும் பாட்டின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.