வெள்ளை விளக்கு பிடித்தவனிடமிருந்து வெளியே வருவது எப்படி

தேவாங்கு தேடிப் போகிற இரவுகளில் நெற்றியில் கட்டும் ஹெட்லைட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவோம். வெள்ளை வெளிச்சம் அதன் பெரிய கண்களுக்கு ஆகாது. சிவப்பு வெளிச்சத்தில் அது தன்பாட்டுக்குக் கிளையில் ஊர்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு இரண்டு கண்கள் மட்டும் தணல் மாதிரித் தெரியும். நான் மூன்று வருடம் காதலித்தவனும் அதே மலையடிவாரத்தில்தான் ராத்திரி விளக்கோடு நடந்தான். அவனுடையது வெள்ளை விளக்கு. முயல் அந்த வெளிச்சத்தில் உறைந்து நிற்கும்போது நாயை ஏவுவான்.

இது அய்யலூர், கடவூர்ப் பக்கத்துக் கதை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்களே, அதைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றுதான் என்னுடையது. காட்டை நேசிக்கிற ஒரு பெண் வேட்டைக்குப் போகிறவனிடம் மனதைக் கொடுத்துவிட்டால் எப்படி மீள்வது என்று, நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் அவனைப் பிடித்தது என்று உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். அவனுக்குக் காடு தெரியும். அதனால்தான் பிடித்தது. வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் அறிமுகமானவன், முதல் மாதத்திலேயே மண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். உடும்பு போன தடத்தின் நடுவில் வால் இழுத்த கோடு இருக்கும் என்பதும், கவுதாரி அந்தி சாய எந்த முள்மரத்தில் அடையும் என்பதும் அவன் காட்டியதுதான். எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை. அந்த அறிவு உண்மையானது. அதை வைத்து அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்கத் தவறினேன்.

பார்க்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. எனக்கு நாட்டுக்கோழி என்று சொல்லி முயல்கறி போட்டான். தின்று முடித்த பிறகு சொல்லிச் சிரித்தான். நான் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன், அவன் அதைப் போனில் படம் பிடித்தான். அன்றைக்கே முடித்திருக்க வேண்டும். உங்கள் மனம் எங்கே நோகும் என்று தெரிந்தே அந்த இடத்தில் கைவைக்கிறவன் வீட்டுக்குள்ளும் வேட்டைதான் ஆடுகிறான்.

திருந்துவேன் என்ற சத்தியமும் ஒரு அடையாளம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டான். அத்தனை நாளும் கண்ணிக் கம்பியைத் தொடவில்லை, நாய்கள் கட்டியே கிடந்தன. நான் நம்பிவிட்டேன். மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள் வேட்டைச் சாக்குப்பையோடு வந்தான். வயிற்றுப்பாட்டுக்கு வேட்டையாடியவர்களின் வாழ்க்கை வேறு, அதை நான் இதோடு சேர்க்கமாட்டேன். இவனிடம் ஐம்பது ஆடு இருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பிரிவதற்கு முன்பே இடம் சொல்வதை நிறுத்துங்கள். இதைத்தான் நான் பிந்திச் செய்தேன். ஒருநாள் ஆசை தாங்காமல் ஒரு அழுங்கு வளையை அவனுக்குக் காட்டினேன். எங்கள் ஊரில் எறும்புத்தின்னியை அழுங்கு என்போம். “ஏ புள்ள, எனக்குக் காட்டுக்குக் கண்ணே நீதான்” என்று கன்னத்தைக் கிள்ளினான். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனால் வளையைக் கடப்பாரையால் அகலமாகப் பெயர்த்திருந்தார்கள். வேறு யாராவது செய்திருப்பார்கள் என்றான். அவன் வண்டிப் பெட்டியில் ரெயின்கோட்டுக்கு அடியில் இரண்டு செதில் கிடந்தது. நகம் மாதிரி, பழுப்பாக. என் கண்ணை வைத்துத்தான் அவன் அதைப் பிடித்தான். இன்றுவரை அந்தப் பாரம் இறங்கவில்லை.

அதனால் போனிலிருந்து தொடங்குங்கள். கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவு போடுகிறவர்கள் ஜியோபிரைவசியில் ‘ஆப்ஸ்கியூர்டு’ வைத்தால் சரியான இடம் மற்றவர்களுக்குத் தெரியாது. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு ‘லொக்கேஷன் ஷேரிங்’ யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியையும் பாருங்கள். என்னுடையதில் அவனுடைய லேப்டாப் இருந்தது. ஆனால் இதையெல்லாம் தனியாக இருக்கிற ராத்திரியில் அணைக்காதீர்கள். அணைத்ததை அவன் கவனிப்பான். அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போய்ச் சேர்ந்த பிறகு அணையுங்கள்.

அடுத்தது வேட்டைக்கறி. உங்கள் ஃபிரிட்ஜில் வைக்க இடம் கொடுக்காதீர்கள், உங்கள் ஸ்கூட்டியில் பையைத் தொங்கவிட விடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், அந்தக் கறி யார் வசத்தில் இருக்கிறதோ அவர் அதைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அழுங்கு, உடும்பு, தேவாங்கு மூன்றும் அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அவற்றை வேட்டையாடினால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வண்டியும் போகும். “மாட்டினா உன் பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்” என்று அவன் என்னை மிரட்டியது இதை வைத்துத்தான். நான் பயந்து ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்காதீர்கள். வக்கீல் ஒருவரிடம் முதலில் பேசிவிடுங்கள். கட்டணம் கட்ட வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே உதவி கிடைக்கும்.

பிரிவைச் சொல்வதற்குக் கடைசியாக ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று மனம் கேட்கும். போகாதீர்கள், அதுவும் மலைப்பக்கம் போகவே போகாதீர்கள். எழுத்தில் ஒரே ஒரு முறை, தெளிவாக: “இந்த உறவு வேண்டாம். இனி என்னைத் தொடர்புகொள்ளாதே.” காரணம் எழுத வேண்டாம், எழுதினால் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பான். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது, போன் செய்துகொண்டே இருப்பது, ஆன்லைனில் கண்காணிப்பது எல்லாம் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் குற்றம். ஆபத்து என்றால் 112. யோசனை கேட்க, தங்க இடம் கேட்க, பெண்கள் உதவி எண் 181. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு என்னை அனுப்பியது அந்த எண்தான். அங்கிருந்தவர் முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் பெயர் கேட்டார்.

அவன் கொடுத்த பரிசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கறுப்புக் கயிற்றில் நரிப்பல் கட்டிக் கொடுத்திருந்தான், காத்து கருப்பு அண்டாதாம். அப்படி எதுவும் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள், வேறு யாருக்கும் தராதீர்கள். வக்கீலோடு போய் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வனத்துறையிடம் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாதுகாப்பைப் பொறுத்தது. பிரிந்த அதே வாரத்தில் கொடுத்தால் யார் சொன்னது என்று அவன் யோசிக்கவே தேவையிருக்காது. நான் இரண்டு மாதம் கழித்து, எங்கள் தேவாங்குக் கணக்கெடுப்புக் குழுவை நடத்தும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணி கட்டும் இடங்களையும் வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தையும் சொன்னேன். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவன் நினைப்பு வரும். எனக்கு அவனைவிட அவனுடைய சிப்பிப்பாறை நாயின் நினைப்புதான் அதிகம். என் மடியில் தலை வைத்துத் தூங்கும், அதன் வாயில் ரத்தம் காய்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தே அழுதிருக்கிறேன். அழுகை வரும் நாளில் அவன் நம்பரைத் தேடாமல் அக்காவைக் கூப்பிடுவேன். நீங்களும் அப்படி ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மறுபடி காட்டுக்குப் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. இருள் புதருக்குள் அவன் நிற்பதுபோலவே இருக்கும். முதல் நாள் அக்காவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்தரை வரை நாலு ஜோடிக் கண்கள். நோட்டில் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன், என்ன மரம் என்று எழுதினேன். இடம் என்கிற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அக்கா ஒன்றும் கேட்காமல் நோட்டை வாங்கி அவரே எழுதினார்.