லீப் ஆண்டுக் கணக்கின் வழியே நிரலாக்க அடிப்படை

நிரலாக்கம் கற்கத் தொடங்குவோர் மாறி (மதிப்பை இட்டு வைக்கும் பெயர்), நிபந்தனை, செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல்பகுதி), மடக்கு (வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்குவது) ஆகியவற்றின் இலக்கணத்தைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, விடை முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொண்டு அதற்குள் இந்நான்கையும் பழகுவது நல்லது. லீப் ஆண்டைக் கண்டறியும் கணக்கு இதற்குப் பொருத்தமானது. இங்குப் பைத்தான் 3 மொழியைக் கொண்டு விளக்குகிறேன்.

400-ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. அப்படியில்லாமல் 100-ஆல் வகுபட்டால் அது லீப் ஆண்டு அன்று. இவ்விரண்டிலும் சேராத ஆண்டு 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. எனவே 2000 லீப் ஆண்டு, 1900 அன்று.

முதலில், பயனர் தட்டச்சு செய்யும் எண்ணை ‘ஆண்டு’ என்ற மாறியில் இட்டு வையுங்கள். பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். பலரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. பயனர் தட்டுவதை வாங்கும் ‘இன்புட்’ (input) எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாகவே தரும். 2024 என்று தட்டினாலும் அது நான்கு எழுத்துகளின் வரிசைதான். ‘இன்ட்’ (int) கொண்டு அதை முழு எண்ணாக மாற்றாமல் 4-ஆல் வகுத்து மீதி காணச் சொன்னால் நிரல் பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். அச்செய்தியோ வகுத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுத்துச்சர வடிவமைப்பைப் (சரத்துக்குள் மதிப்புகளைப் பொருத்துவதை) பற்றிப் பேசும்; ஏனெனில் % என்னும் குறி எண்களுக்கு மீதியையும், எழுத்துச்சரங்களுக்கு வடிவமைப்பையும் குறிக்கிறது.

அடுத்து ‘இஃப்’ (if), ‘எலிஃப்’ (elif) நிபந்தனைகளை 400, 100, 4 என்ற வரிசையிலேயே எழுதுங்கள். மேலிருந்து பார்த்து வரும் கணினி, முதலில் பொருந்தும் கிளையோடு நின்றுவிடும் என்பதால் வரிசை மாறினால் விடையும் மாறும். இந்நிபந்தனைகளை ஒரு செயற்கூறுக்குள் வைத்து, உண்மை அல்லது பொய் என்ற மதிப்பை ‘ரிட்டர்ன்’ (return) மூலம் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். திரையில் அச்சிடுவது வேறு, மதிப்பைத் திருப்பித் தருவது வேறு.

இறுதியாக, 1900 முதல் 2000 வரை ஒவ்வோர் ஆண்டாக எடுத்து, லீப் ஆண்டாக இருந்தால், மடக்குக்கு முன்பே சுழியமாக்கி வைத்த ‘எண்ணிக்கை’ என்ற மாறியில் 1 கூட்டும் ‘ஃபார்’ (for) மடக்கை எழுதுங்கள். மடக்குக்கு எண்களை வரிசையாகத் தரும் ‘ரேஞ்ச்’ (range) கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால் 2001 என்றே முடிவெல்லையைக் கொடுக்க வேண்டும்.

சரியான விடை 25. விடை 26 என்று வந்தால், 4-ஐ முதலில் சோதித்து 1900-ஐயும் சேர்த்துவிட்டீர்கள். 1 என்று வந்தால், எண்ணிக்கையைச் சுழியமாக்கும் வரி மடக்குக்குள் உள்தள்ளி நிற்கிறது. 0 என்றால் செயற்கூறு விடையை அச்சிடுகிறதே தவிரத் திருப்பித் தரவில்லை. 24 என்றால் காரணம் இரண்டில் ஒன்று: எல்லையை 2000 என்று கொடுத்திருக்கலாம், அல்லது 400-க்கு முன்பே 100-ஐச் சோதித்திருக்கலாம். செயற்கூறுக்கு 2000-ஐ மட்டும் கொடுத்துப் பாருங்கள். பொய் என்று வந்தால் பிழை நிபந்தனையில், உண்மை என்று வந்தால் மடக்கின் எல்லையில்.