அக்கி வந்தால் முதல் மூன்று நாளை வீணாக்காதீர்கள்

அக்கிக்கு மருந்து இருக்கிறது. ஏசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். ஆனால் கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அவற்றால் நல்ல பலன் கிடைக்கும். நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் பலவும் இந்த மூன்று நாளைத்தான் தின்றுவிடுகின்றன.

பெரிய தவறு, அக்கியை உடம்புச் சூடு என்று நினைப்பது. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே வந்த வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கும். வயதாகும்போதோ, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ, ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வந்து சேரும். அதுதான் அக்கி. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் குடும்ப டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறித்து வைத்து, 1965இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். ஊர் டாக்டர் ஒருவரின் பொறுமையில் கிடைத்த அறிவு இது என்பதில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரு நரம்பின் வழியாக வருவதால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகப் படர்கிறது. நெஞ்சின் நடுவையோ முதுகின் நடுவையோ பொதுவாகத் தாண்டாது. 'சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து' என்று பயமுறுத்துபவர்களுக்கு இதுவே பதில்.

கொப்புளத்துக்கு முன்பே வலி வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் எரிச்சல், குத்தல், சட்டை பட்டாலே கூசுவது. விலாவில் வந்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்போம். இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுப்போம். நெஞ்சு வலி என்றால் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும், அதில் தவறில்லை. ஆனால் வலித்த இடத்தில் சிவந்த தடிப்பும் நீர்க் கொப்புளமும் கூட்டமாகக் கிளம்பினால், பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

காவிமண் கரைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தோலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தோன்றலாம். சாதாரணமாகக் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் என்பதால், எழுதியதால்தான் ஆறியது என்ற நம்பிக்கையும் வளர்ந்துவிட்டது. ஆனால் வைரஸ் வேலை செய்வது நரம்புக்குள். மேலே பூசுவது எதுவும் அங்கே எட்டாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும் அபாயமும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம்.

ஏசைக்ளோவிர் களிம்பு மட்டும் தடவினால் அக்கிக்குப் போதாது. மாத்திரையிலும் அளவு முக்கியம். அக்கிக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். உதட்டுப் புண்ணுக்கு யாருக்கோ எழுதிய 200 மில்லிகிராம் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவது வீண். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கண்ணுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், பார்வையே போகலாம். கண் டாக்டரிடம் அன்றே போக வேண்டும். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

தொற்று விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் நோயாளியை அறையில் ஒதுக்கி வைக்கிறார்கள், சிலர் பேரக் குழந்தையை மடியில் உட்கார வைக்கிறார்கள். உண்மை இவ்வளவுதான்: கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராமலும் அதற்கான தடுப்பூசி போடாமலும் இருப்பவர்களுக்குச் சின்னம்மை வரலாம். அக்கி அப்படியே ஒட்டாது. பொருக்கு தட்டும்வரை புண்ணைத் துணியால் மூடி, கைக்குழந்தைகளிடமிருந்தும் சின்னம்மை வராத கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருந்தால் போதும். குளிக்கலாம். பத்தியம் என்று வயதானவர்களின் சாப்பாட்டைக் குறைப்பது அவர்களை இன்னும் தளரச் செய்யும்.

புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிப்பதுதான் அக்கியின் கொடுமை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது அதிகம். 'ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி' என்று வீட்டார் சொல்வது அவர்களை மிகவும் நோகடிக்கும். நரம்பு அடிபட்டதால் வரும் நிஜமான வலி அது. சாதாரண வலி மாத்திரை அதிகம் கேட்காது. பிரிகாபலின், கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளைத்தான் டாக்டர் தருவார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்பது பெயர், 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான். ஒருமுறை அக்கி வந்தவர்களுக்கு மறுபடியும் வரலாம் என்பதால் அவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கொப்புளம் இருக்கும்போது அல்ல, முழுக்க ஆறிய பிறகு.