நார்க்கட்டி அகற்றும் கருவி: கத்தியோடு நின்றுவிடுகிற வடிவமைப்பின் தவறுகள்

எங்கள் முதல் மாதிரிக் கருவி, மேசையில் இறுக்கி வைத்திருந்த கடற்பஞ்சை வாழைத்தண்டு நறுக்குவது போல வெட்டித் தள்ளியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் இறைச்சிக் கடையிலிருந்து ஒரு மாட்டு நாக்கை வாங்கி வந்து வைத்தோம். கத்தி தொட்ட கணத்தில் நாக்கு முழுவதும் கத்தியோடு சேர்ந்து சுழன்றது. அதைக் கவ்வியிருந்த இடுக்கி என் கையை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டு போனது. வெட்டு விழவே இல்லை. மோட்டார் முனகி நின்றது.

கருப்பை நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, அந்த நாக்குக்குத்தான் நெருக்கமானது. மென்தசை இழைகளும் கொலாஜனும் நூற்கண்டு போலச் சுற்றிச் சுற்றி இறுகிய உருண்டை அது. ஐம்பது வயதை எட்டுவதற்குள் பெண்களில் பெரும்பாலானோருக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ உண்டாகிவிடுகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. சிலருக்கோ மாதந்தோறும் இரத்தம் கொட்டி, சோகை பிடித்து, வாழ்க்கையே முடங்கிப்போகிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கருவிகள். வயிற்றில் சிறு துளையிட்டு, சுழலும் குழாய்க் கத்தியால் கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுப்பது ஒரு வழி. அந்தக் கருவிக்கு மார்செலேட்டர் என்று பெயர். கட்டி கருப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால், கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சுரண்டி எடுப்பது இன்னொரு வழி.

இரண்டிலும் இளம் பொறியாளர்கள் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான். கத்தி எப்படி வெட்டுகிறது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வெட்டுப்பட்டது எங்கே போகிறது என்று கடைசி வாரத்தில்தான் கேட்கிறார்கள்.

கணக்கை முதலில் போடுங்கள்

8 செ.மீ. விட்டமுள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு ஏறத்தாழ 270 மில்லிலிட்டர். அதை 15 மி.மீ. துளையுள்ள குழாய் வழியாக, துளை முழுக்க நிரம்பிய வடமாக இழுத்தாலும் ஒன்றரை மீட்டர் நீளம் வருகிறது. நடைமுறையில் குழாய் ஒருபோதும் முழுக்க நிரம்பாது. பாதி நிரம்பியது என்றால் மூன்று மீட்டர். இந்த மூன்று மீட்டரும் இடுக்கியின் பற்களில் சிக்கி, வாயு கசியாமல் குழாயை மூடும் அடைப்பிதழைத் தாண்டி, ஒவ்வொரு கீற்றாக ஒருவர் கையால் இழுபட்டு வர வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் கத்தியின் கூர்மையோடு நின்றுவிட மாட்டார். குழாயின் உட்புற வழவழப்பு, இடுக்கியின் பிடிமானம், அடைப்பிதழின் ஆயுள் ஆகியவையும் அவர் மனத்தில் ஏறிவிடும்.

சோதனைப் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அவசரம் தெரிகிறது. கடற்பஞ்சு, ஜெலட்டின், உருளைக்கிழங்கு எல்லாம் வெட்டுக்கு எளிதில் இணங்குபவை. நார்க்கட்டி ரப்பரைப் போல நெளிந்து விலகும். சில கட்டிகளில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகவே இருக்கும். மெத்தென்றது, இழுபடுவது, நடுவில் கல் வைத்தது என்று மூன்று வகையிலாவது சோதித்த பிறகே மோட்டாரின் முறுக்குவிசையை முடிவு செய்ய வேண்டும்.

வேகம் என்னும் மயக்கம்

கத்தி திணறினால் உடனே சுழல்வேகத்தைக் கூட்டுவது பொதுவான பழக்கம். 15 மி.மீ. குழாய் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 80 செ.மீ. அளவில் ஓடுகிறது. இது போதாதா? அருவாமனையில் காய் நறுக்குபவர்களுக்குத் தெரியும்: அழுத்துவதைவிட இழுத்து அரிந்தால் எளிதில் வெட்டுப்படும். விளிம்பு ஓடும் வேகம், திசு உள்ளே வரும் வேகத்தைப் போலப் பல மடங்காக இருக்கும்போது வெட்டும் விசை குறைகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அந்த லாபம் நின்றுவிடும். அதற்குப் பிறகு கூட்டும் ஒவ்வொரு நூறு சுற்றும் துணுக்குகளைச் சிதறடிக்கத்தான் உதவும்.

எங்கள் நாக்கு சுழன்றதற்குக் காரணம் வேகக் குறைவு அல்ல. குழாய்க் கத்தியை நடுவில் குத்தித் துளைக்கும்போது, குழாயின் உள்ளும் புறமும் திசு ஒட்டி உராய்கிறது. அந்த முறுக்கு முழுவதையும் இடுக்கியின் இரண்டு பற்கள் தாங்க வேண்டியிருக்கிறது. நல்ல அறுவை மருத்துவர்கள் கட்டியைத் துளைப்பதில்லை. ஆரஞ்சுப் பழத்தின் தோலைச் சுருள் சுருளாக உரிப்பது போல, கட்டியின் மேற்பரப்பை ஒட்டி உரித்தெடுக்கிறார்கள். கட்டி உருண்டுகொடுக்கும், கீற்று அறுபடாமல் நீளமாக வரும், சிதறலும் குறையும். அதற்கு உதவியாகக் குழாயின் முனையில் ஒரு பக்கம் மட்டும் கத்தியைத் தாண்டி நீளும் மழுங்கிய நாக்கு ஒன்று வேண்டும். கத்தி ஆழமாகப் புதைந்துவிடாமல் அது தடுக்கும். மருத்துவரின் கை செய்வதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இந்தச் சிறு உலோக நீட்டலின் அருமை புரிந்தது.

நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

கால் மிதியை விட்டால் கத்தி நின்றுவிடும் என்று வரைபடத்தில் எழுதிவிடுகிறோம். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்து. மிதியை விட்ட பின் சீராக வேகம் குறைந்து அரை நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இடையில் இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும். கூரான வட்ட விளிம்பு குடலின் மேல் ஒரு சுற்று சுற்றினாலே போதும். மார்செலேட்டரால் நேர்ந்த கடுமையான காயங்களில் குடலும் பெரிய இரத்தக் குழாய்களும்தான் முதன்மையாகப் பேசப்படுகின்றன. உயிரிழப்புகளும் பதிவாகியிருக்கின்றன. மோட்டாரை மின்சாரத்தால் நிறுத்திப் பிடிக்கும் வசதியும், நின்ற உடனே கத்தி உறைக்குள் பின்வாங்கும் வசதியும் விலைப்பட்டியலில் வெட்டப்படக் கூடாதவை.

இதோடு சேர்ந்த இன்னொன்று காற்றுக் கசிவு. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்பித்தான் இடம் உண்டாக்குகிறார்கள். 15 மி.மீ. ஓட்டையுள்ள ஒரு குழாய் அதே வயிற்றில் செருகப்பட்டிருக்கிறது. அடைப்பிதழ் சரியாக மூடவில்லை என்றால் வாயு வெளியேறி வயிற்றுச் சுவர் தாழும், குடல் மேலெழும், கத்திக்கும் உறுப்புக்கும் இடையிலான தூரம் சுருங்கும். புதிய இதழை வைத்துச் சோதித்துத் திருப்திப்படுவது தவறு. கூரிய பற்களுள்ள இடுக்கியை ஐம்பது முறை உள்ளே விட்டு எடுத்த பிறகு, ஈரமும் கொழுப்பும் படிந்த இதழை வைத்துச் சோதிக்க வேண்டும். இதழிலிருந்து பிய்ந்த ரப்பர்த் துணுக்கு உள்ளே விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு

இந்தத் துறை கொடுத்த மிகப் பெரிய விலை இங்கேதான். 1990களிலிருந்து மார்செலேட்டர்கள், கட்டியைப் பை எதிலும் போடாமல், வயிற்றறைக்குள் அப்படியே துண்டாக்கிவந்தன. சிதறிய நார்க்கட்டித் துணுக்குகள் வேறிடத்தில் ஒட்டி வளர்வது தெரிந்திருந்தது. அதைவிடக் கொடியது, நார்க்கட்டி என்று நினைத்தது உண்மையில் சார்கோமா என்னும் புற்றுநோயாக இருந்துவிடுவது. அறுவைக்கு முன்பே அதை உறுதியாகப் பிரித்தறிய நம்பகமான வழி இல்லை. 2013-இல் பாஸ்டன் நகர மயக்கவியல் மருத்துவர் ஏமி ரீடுக்கு இப்படித்தான் நேர்ந்தது. அவரும் கணவரும் நடத்திய இயக்கம் மருத்துவ உலகையே உலுக்கியது. 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் எச்சரிக்கையை வெளியிட்டது. நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் 350 பேரில் ஒருவருக்குச் சந்தேகிக்கப்படாத கருப்பைச் சார்கோமா இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அந்த ஆண்டே ஜான்சன் அண்டு ஜான்சன் தன் மார்செலேட்டர்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏமி ரீட் 2017-இல் இறந்தார்.

பைக்குள் வைத்து வெட்டுவதற்கான முதல் உறைக்கு 2016-இல் அங்கே அனுமதி கிடைத்தது. புற்றுநோய் பரவும் ஆபத்தை அது குறைக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2020-இல், உறை இல்லாமல் மார்செலேட்டரைப் பயன்படுத்தவே கூடாது என்று நிர்வாகம் பரிந்துரைத்தது.

ஆகவே பையும் கத்தியும் ஒரே கருவியின் இரண்டு பாகங்கள். கத்தியின் நீளத்தை முடிவுசெய்துவிட்டுப் பிறகு கடையில் கிடைக்கும் பையைத் தேடினால், முனை பையின் அடியைத் தொட்டு நிற்கும். கேமராவுக்காகப் பையில் இரண்டாவது துளை போட்டால், உறை என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். கேமராவும் கத்தியும் ஒரே வாய் வழியாக நுழைவதற்கு ஏற்பவே அளவுகளை வகுக்க வேண்டும். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் நீல நிறம் கலந்த நீரைப் பைக்குள் ஊற்றி, வெள்ளைத் துணியின் மேல் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்களுக்கு நீலம் தெரிந்தது பையின் அடியில் அல்ல, ஒட்டுத் தையலின் ஓரத்தில்.

கருப்பைக்குள்ளே வேறு உலகம்

கருப்பை வாய் வழியாகச் செல்லும் கருவியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் சுழன்றோ முன்பின் நகர்ந்தோ வெட்டுகிறது. பக்கவாட்டில் ஒரு சன்னல். உறிஞ்சும் விசை திசுவைச் சன்னலுக்குள் இழுக்க, உள்குழாயின் விளிம்பு நறுக்குகிறது. இங்கே எல்லாமே இடைவெளியில் இருக்கிறது. ஆணி தளர்ந்த கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மடித்து இடையில் செருகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு குழாய்களுக்கும் நடுவே இடம் கூடினால் நார்கள் அப்படித்தான் மடிந்து அடைத்துக்கொள்ளும். இடத்தைக் குறைத்து, இரண்டுக்கும் ஒரே துருப்பிடிக்காத எஃகைப் போட்டால், உலோகமும் உலோகமும் உரசிப் பற்றிக்கொள்ளும். கடினத்தன்மையை வேறுபடுத்துவதோ பூச்சு கொடுப்பதோ தவிர்க்க முடியாதது.

கருப்பையின் உட்குழி சாதாரணமாக ஒட்டிக்கிடக்கும் ஒரு பிளவு. சலைனை, அதாவது உப்புநீரைச் செலுத்தித்தான் அதை விரிக்கிறார்கள். அப்போதும் அதில் கொள்வது சில மில்லிலிட்டர்தான். கருவி நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் உறிஞ்சுகிறது, உள்வரத்து அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றால், இரண்டொரு நொடிகளில் குழி சுருங்கிப் படம் இருண்டுவிடும். மருத்துவர் கத்தியை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் உள்குழாய் சன்னலை மூடிய நிலையில்தான் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று விட்டுவிடும் வடிவமைப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் பாயும் பழைய கம்பி வளையத்துக்குக் கிளைசின் போன்ற மின்கடத்தாத் திரவம் தேவைப்பட்டது. அது உடலுக்குள் போனால் இரத்தத்தில் சோடியம் சரியும். அதில் 1000 மில்லிலிட்டர் உடலில் தங்கினாலே ஆபத்து எல்லை. வெறும் இயந்திரக் கத்திக்குச் சலைன் போதும் என்பதால் ஆரோக்கியமானவர்களுக்கு அந்த எல்லை 2500 வரை போகிறது. சலைன் என்பதால் கணக்கே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. தரையில் சிந்தியது, விரிப்பில் ஊறியது, குடுவையில் சேர்ந்தது எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, செலுத்திய அளவிலிருந்து கழித்தால்தான் உடலுக்குள் எவ்வளவு போனது என்று தெரியும். வெளிவரும் நீரைச் சிந்தாமல் பிடிக்கும் வழியும் கருவியோடு சேர்ந்தே வரைபடத்தில் ஏற வேண்டும்.

கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தன் உள்ளங்கைக்கு அளந்து செய்வது ஆண் பொறியாளர்களின் வழக்கம். மகப்பேறு மருத்துவர்களில் பெண்கள் ஏராளம். ஆறாம் எண் கையுறை அணிபவர்கள் இருக்கிறார்கள். மேசையில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் லேசாகத் தெரியும் கருவியை, முழங்கையை உயர்த்தியபடி இருபது நிமிடம் பிடித்துப் பாருங்கள். திரும்பப் பயன்படுத்தும் பாகங்களில் திருகுமரையோ ஒருபக்கம் அடைந்த துளையோ இருந்தால், காய்ந்த இரத்தம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். தூரிகை ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவர வேண்டும்.

கடைசியாக, வெளியே வந்த கீற்றுகள். மாதிரிக் கருவிகள் பலவற்றில் அவை உறிஞ்சு குடுவையின் அடியில், இரத்தமும் நீரும் கலந்த குழம்பில் போய் விழுகின்றன. குடுவைக்கு முன்னால் ஒரு வலைப்பை வைத்து, துண்டுகள் நசுங்காமல், ஒன்றும் குறையாமல் சேரும்படி செய்ய வேண்டும். அது அப்படியே நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகும். அந்தக் கட்டி உண்மையில் என்ன என்பது அங்கே நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் தெரியவரும்.