ஃபியூவல் ரெகுலேட்டர் மாட்டுற தம்பிங்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் பழைய இன்ஜெக்‌ஷன் புரோட்டான் வீரா காடி வச்சிருக்கற தம்பிங்க வெளி ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர் (பெட்ரோல் பிரஷர கட்டுப்படுத்துற சாமான்) மாட்டுறாங்க, மாட்டுங்க, ஆனா பெட்ரோல் ஹோஸ கழட்டுறதுக்கு முன்னாடி ஃபியூவல் பம்ப் ஃபியூஸ பிடுங்கிட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணி அதுவா அணையுற வரைக்கும் விடுங்க, இல்லன்னா லைன்ல நிக்கிற பெட்ரோல் மூஞ்சிலயே அடிக்கும். பேட்டரி நெகட்டிவையும் கழட்டிடுங்க. ஹோஸ் இஎஃப்ஐ ஹோஸாதான், அதாவது இன்ஜெக்ஷன் காடியோட ஹை பிரஷர் தாங்குற ஹோஸாதான் இருக்கணும், கார்புரேட்டர் காடிக்கு விக்கிற மலிவு சாமான் தாங்காதுலா.

மாட்டி முடிச்சதும் ஃபியூஸ், பேட்டரி திரும்ப போட்டு சாவிய ஆன் மட்டும் பண்ணி கசிவு பாருங்க. செட்டிங்தான் முக்கியம்: இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது இன்ஜின் காத்து இழுக்கற பக்கத்துலேருந்து ரெகுலேட்டருக்கு வர்ற வேக்கம் ஹோஸ கழட்டி, ஹோஸ் வாய அடைச்சுட்டு, பிரஷர் மீட்டர பாத்துக்கிட்டே ரெகுலேட்டர் ஸ்க்ரூவ திருப்பணும், நெறைய காடிக்கு 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ, ஆனா உங்க மேனுவல்ல என்னா போட்டிருக்கோ அதான் கணக்கு. லாக் நட்ட இறுக்கிட்டு ஹோஸ திரும்ப மாட்டினா மீட்டர் கொஞ்சம் எறங்கும், அது சரிதான். எறங்கலன்னா வேக்கம் லைன பாருங்க.

ஒண்ணும் மாத்தாத ஸ்டாக் இன்ஜினுக்கு சும்மா பிரஷர ஏத்தினா பவர் வராது, மிஞ்ஞாக்தான் (பெட்ரோல்) குடிக்கும்.